லொறியின் பவர் ஸ்டியரிங்குக்கு இன்லைன் பில்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இரண்டு லொறிகள் ஓடுகின்றன. இரண்டும் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவிலிருந்து சாமான் ஏற்றுபவை. அவற்றில் ஒன்றின் ஸ்டியரிங் பம்பை ஒரே வருஷத்தில் இரண்டு தடவை மாற்ற வேண்டி வந்தது. மூன்றாவது தடவை மாற்றக்கூடாது என்ற பிடிவாதத்தில்தான் இந்த பில்டர் விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு லொறி வைத்திருக்கும் நண்பர்கள், சாரதிமார், கராஜில் வேலை பழகும் பொடியன்கள் என்று பலரும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இன்லைன் பில்டர் என்றால் என்ன?

ஸ்டியரிங்கை இலகுவாக்க பம்ப் தள்ளும் ஒயில் ஓடும் குழாயை நடுவில் வெட்டி, இரண்டு முனைகளுக்கும் இடையில் பொருத்தும் சிறிய வடிகட்டி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இரண்டு பக்கமும் குழாய் மாட்ட மூக்கு இருக்கும். உள்ளே மடிப்பு மடிப்பாக வடிதாள் இருக்கும். நல்லவற்றில் அதோடு ஒரு காந்தமும் இருக்கும். தாள் ரப்பர் துகளையும் மண்ணையும் பிடிக்கும். காந்தம், தாளின் கண்ணுக்குள் நுழைந்து தப்பக்கூடிய மெல்லிய இரும்புத் தூளையும் பிடித்து வைக்கும்.

கம்பனி போடாததை நாம் ஏன் போட வேண்டும்?

பல லொறிகளில் கம்பனியே ஏதோ ஒன்று போட்டுத்தான் இருக்கிறது. ஒயில் தாங்கியின் மூடியைத் திறந்து அடியில் பார்த்தால் ஒரு கம்பி வலையோ, கழற்றி மாற்றக்கூடிய பில்டரோ தெரியும். பெரிய லொறிகளின் தாங்கிகளில் மாற்றக்கூடிய பில்டர் இருப்பது வழக்கம். உங்கள் லொறியில் அப்படி ஒன்று இருந்தால் முதலில் அதைப் புதிதாக மாற்றுங்கள். வருஷக்கணக்காக அதை யாரும் திறந்தே பார்க்காமல் விட்டிருப்பார்கள்.

வலை மட்டும் இருக்கும் லொறிகளில்தான் சிக்கல். வலையின் கண் பெரியது. கல்லையும் கேஸ்கட் துண்டையும் தடுக்கும், தூளைத் தடுக்காது. பம்புக்குள் சுழலும் தகடுகளுக்கும் அதன் சுவருக்கும் உள்ள இடைவெளி தலைமயிரின் தடிப்பைவிட மிகச் சிறியது. அந்த இடைவெளிக்குள் போகக்கூடிய தூள்தான் பம்பைத் தின்கிறது. நம்முடைய தலைமயிரே 70 மைக்ரோன் அளவில்தான் இருக்கும். அதிலும் பாதிக்குக் குறைந்த தூளைக் கண்ணால் பிரித்துப் பார்க்கவே முடியாது. ஒயில் பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறது என்று சொல்வதில் அர்த்தம் இல்லாமல் போவது இதனால்தான்.

கொழும்பில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறக்க 2025 பெப்ரவரி ஆனது. அந்த வருஷங்களில் புது லொறி என்ற பேச்சே இல்லை. இருந்த லொறியையே ஓட்டினோம், உடைந்தால் பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பழைய பம்பைத் தேடி எடுத்தோம். பழைய லொறிக்குள் பழைய ஒயில், அதற்குள் இன்னொரு பழைய பம்ப். அழுக்கு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

உங்கள் லொறிக்கு என்னதான் நடந்தது?

பம்ப் ஊளையிட ஆரம்பித்தது. காலையில் குளிர்ந்திருக்கும்போது சத்தம் அதிகம், சூடேறினால் குறையும். பிறகு சூடேறினாலும் குறையவில்லை. ஐந்துலாம்புச் சந்தியில் மெதுவாகத் திரும்பும்போது ஸ்டியரிங் கைக்குள் துடித்தது. ஒரு கராஜில் விட்டேன். பழைய பம்பைக் கழற்றி, ரீகண்டிஷன் பம்ப் ஒன்றை மாட்டி, தாங்கியில் புது ஒயிலை ஊற்றித் தந்தார்கள். மூன்று மாதம் நன்றாக ஓடியது. பிறகு அதே ஊளை.

இரண்டாவது தடவை வேறொரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. தேநீர்க் கோப்பையின் வெள்ளைத் தட்டை எடுத்தார். தாங்கிக்குள் விரலை விட்டு, அந்த ஒயிலைத் தட்டில் வழித்துவிட்டு, வெயிலில் சாய்த்துப் பிடித்தார். சிவப்பாக இருக்க வேண்டிய ஒயில் தேயிலைச் சாயம்போல் இருந்தது. தட்டைச் சாய்க்கச் சாய்க்க அதற்குள் மீன் செதிலைப் பொடியாக்கிப் போட்டதுபோல் மினுக்கங்கள் நகர்ந்தன. "தம்பி, இது உங்கட முதல் பம்ப்" என்றார். "அது இன்னும் உள்ளுக்குத்தான் ஓடுது. அதுதான் ரெண்டாவதையும் கொன்டது."

முதல் பம்ப் தேய்ந்து உதிர்த்த இரும்பு முழுவதும், ஸ்டியரிங்கின் திருப்பலைச் சில்லுகளுக்குக் கொண்டுபோகும் ஸ்டியரிங் பொக்ஸிலும் குழாய்களிலும் தங்கியிருந்தது. புது ஒயிலை ஊற்றியதும் அது கிளம்பி வந்து புது பம்புக்குள் போய்விட்டது. முதல் கராஜில் உள்ளே கழுவவில்லை. கழுவ வேண்டும் என்று எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

சரி, எந்தக் குழாயில் போட வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள். பவர் ஸ்டியரிங்கில் மூன்று வழிகள் இருக்கின்றன. தாங்கியிலிருந்து பம்புக்கு ஒயில் இறங்கும் வழி. பம்பிலிருந்து ஸ்டியரிங் பொக்ஸுக்கு அழுத்தத்தோடு போகும் வழி. பொக்ஸிலிருந்து தாங்கிக்குத் திரும்பி வரும் வழி. பில்டர் இந்த மூன்றாவதில் மட்டும்தான். நம் ஆட்கள் அதை ரிட்டர்ன் குழாய் என்பார்கள்.

அழுத்தக் குழாயில் ஏன் கூடாது என்றால், லொறி டயருக்கு நாம் அடிக்கும் காற்று 100 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் ஒடித்துப் பிடித்தால் அந்தக் குழாயில் 1000 பிஎஸ்ஐயைத் தாண்டிவிடும். டயரைவிடப் பத்து மடங்குக்கு மேல். கிளிப் போட்டு மாட்டிய எந்த வடிகட்டியும் அங்கே நிற்காது. பிய்த்துக்கொண்டு போகும், சூடான ஒயில் எஞ்சின் மேல் பீச்சி அடிக்கும்.

தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் போடலாமே, அழுக்கு பம்புக்குப் போகும் முன்னே தடுத்துவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குழாயில் ஒயில் தன் பாரத்தில் இறங்குகிறது, பம்ப் அதை உறிஞ்சுகிறது. நடுவில் ஒரு தடை வந்தால் பம்புக்குப் போதிய ஒயில் கிடைக்காது. உறிஞ்சலில் ஒயிலுக்குள் குமிழிகள் பிறக்கும். அவை அழுத்தம் கூடிய பக்கத்துக்குப் போனதும் உடைந்து, உலோகத்தைக் கொத்திக் கொத்திக் குழி பறிக்கும். பம்பைக் காப்பாற்றப் போட்ட பில்டரே பம்பைக் கெடுத்துவிடும்.

ரிட்டர்ன் குழாயில் அழுத்தம் மிகக் குறைவு. ஒயில் தள்ளப்பட்டு வருவதால் தாளுக்குள் நுழைந்து போகவும் அதற்குப் பலம் இருக்கும். தாங்கிக்குள் விழும்போதே சுத்தமாக விழும், அங்கிருந்து பம்புக்குச் சுத்தமாகப் போகும்.

எது ரிட்டர்ன் குழாய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அழுத்தக் குழாயின் இரண்டு முனைகளிலும் இரும்புக் குழலை வைத்து நெரித்திருப்பார்கள், மரை போட்டு முடுக்கியிருப்பார்கள். ரிட்டர்ன் குழாயில் சாதாரண ஹோஸ் கிளிப் இருக்கும். தாங்கியில் இரண்டு ரப்பர்க் குழாய்கள் மாட்டியிருந்தால், தடித்தது அநேகமாக பம்புக்கு இறங்குவது, மெல்லியது திரும்பி வருவது. அநேகமாக என்றுதான் சொல்கிறேன். கண்ணால் மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், கையால் தடவிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய்ப் பாருங்கள். எல்ஃப், கென்டர் போன்ற ஜப்பான் லொறிகளில் கெபினை உயர்த்தினால் முழு வழியும் தெரியும். உயர்த்திய கெபினுக்குப் பூட்டு விழுந்ததா என்று பார்க்காமல் அதன் கீழே தலையை விடாதீர்கள்.

சில லொறிகளில் ரிட்டர்ன் வழியின் பெரும்பகுதி இரும்புக் குழாயாக சட்டத்தோடு ஓடும், இரண்டு முனைகளிலும் மட்டும் ரப்பர் இருக்கும். அந்த ரப்பர்ப் பகுதியில் போடுங்கள், இரும்பை வெட்ட வேண்டாம்.

ஒயிலைக் குளிர்விக்கும் கூலர் இருந்தால்? கூலரைத் தாண்டி, தாங்கிக்குக் கிட்டவாகப் போடுங்கள். கூலரின் மெல்லிய குழாய்களுக்குள் பழைய தூள் நிறையத் தங்கியிருக்கும். அது எப்போது கிளம்பி வந்தாலும் பில்டரில் மாட்டிக்கொள்ளும்.

எந்த பில்டர் வாங்குவது? பெற்றோல் பில்டர் போட்டால் போதாதா?

போதாது. கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் பெற்றோல் பில்டரை ஸ்டியரிங் குழாயில் மாட்டிய லொறிகளை நான் கண்டிருக்கிறேன். அழுக்கு வெளியே தெரிகிறது, விலையும் மலிவு, அதனால் ஆசை வருகிறது. ஆனால் அது எஞ்சின் குடிக்கும் அளவு பெற்றோலுக்காகச் செய்தது. ஸ்டியரிங் பம்ப் நிமிடத்துக்குப் பத்து லீட்டர் அளவில் ஒயிலைச் சுற்றும். அந்த வேகத்துக்கு அதன் தாள் இடம் கொடுக்காது. சூட்டில் பிளாஸ்டிக் இளகும், விளிம்பு வெடிக்கும்.

ஓட்டோ கியர் பொக்ஸின் கூலர் வழிக்குப் போடவென்று விற்கும் இன்லைன் பில்டர்தான் சரியானது. பெரும்பாலான ஜப்பான் லொறிகளில் ஸ்டியரிங்குக்கு ஓடுவதும் ஏடிஎஃப் எனப்படும் ஓட்டோ கியர் ஒயில்தான், அதனால் அந்த பில்டருக்கு இந்த ஒயிலும் சூடும் பழக்கம். காந்தம் உள்ளதாகப் பாருங்கள். மேக்னஃபைன் என்ற பெயரில் வருவது அந்த வகை.

இன்னொன்றையும் கடைக்காரரிடம் அழுத்திக் கேளுங்கள்: உள்ளே பைபாஸ் வால்வு இருக்கிறதா? தாள் அடைத்துப்போனால் ஒயில் வேறு வழியாகப் போக அந்த வால்வு திறந்துவிடும். அது இல்லாவிட்டால் அடைப்பின் பாரம் முழுவதும், ஸ்டியரிங் பொக்ஸில் ஒயில் கசியாமல் தடுக்கும் சீல்கள் மேல் விழும். லொறிக்கு வால்வு இல்லாத பில்டரை நான் போடமாட்டேன்.

எந்த அளவு?

குழாயின் உள் விட்டத்தை அளந்து அதே அளவில் எடுங்கள். சின்ன லொறிகளில் மூன்று எட்டு (3/8 அங்குலம்), அதாவது 9.5 மில்லிமீற்றர், அல்லது அரை அங்குலம் பரவலாக வரும். பெரிய லொறிகளில் அதைவிடத் தடிப்பாகவும் இருக்கும். வெட்டிய குழாய்த் துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போவது நல்லது. வாயால் அளவு சொல்லி வாங்கி, அரை அங்குலக் குழாயை மூன்று எட்டு மூக்கில் மாட்டி, கிளிப்பை நெரித்துச் சமாளிக்காதீர்கள். அந்த மூட்டு கசியும். பெரிய லொறிக்குச் சின்ன பில்டர் போட்டால் திரும்பும் ஒயில் அங்கே தேங்கும். பெரிய லொறிக்குத் தாங்கிக்குள் பில்டர் உள்ள தாங்கியையே தேடி மாற்றுவதுதான் என் யோசனை.

தாங்கிக்குள் ஒரு காந்தத்தைப் போட்டுவிட்டால் போதும் என்கிறார்களே?

ஸ்பீக்கர் காந்தத்தை உடைத்துப் போடுகிறார்கள். அந்தக் கறுப்புக் காந்தம் மண்பாண்டம்போல, எளிதில் பொரிந்து உதிரும். உதிர்ந்த துண்டு பம்புக்குள் போனால் இரும்புத் தூளைவிடக் கேடு. இரும்பல்லாத எதையும் காந்தம் பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். ரப்பர், அலுமினியம், பித்தளை எல்லாம் தாண்டிப் போய்விடும். தாங்கியின் வாயில் சீலைத் துணி கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நூல் பிரிந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

குழாயும் கிளிப்பும் எப்படிப்பட்டவை?

ஒயிலுக்கென்று செய்த குழாய். ரெடியேட்டர் அல்லது ஹீட்டர் குழாய்த் துண்டு பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அந்த ரப்பர் தண்ணீருக்குச் செய்தது, ஒயில் பட்டால் ஊதி, பஞ்சுபோலாகி, உள்பக்கம் உரிந்து வரும். உரிந்தது எங்கே போகும்? பில்டருக்குள். குழாயின் மேல் எஸ்ஏஇ ஜே 189 என்று அச்சடித்திருந்தால் அது ஸ்டியரிங் ரிட்டர்னுக்கு என்றே செய்தது.

கிளிப்பில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். விளிம்பு மழுங்கலாக உள்ளதை எடுங்கள். முடுக்கும்போது ரப்பர் கிளிப்பின் துளைகள் வழியாகப் பிதுங்கினால் அளவுக்கு மீறி முடுக்கிவிட்டீர்கள். மூக்கில் உள்ள வரம்பைக் குழாய் தாண்டிய பிறகு, அந்த வரம்புக்கு உள்பக்கமாகக் கிளிப் உட்கார வேண்டும். வரம்பின் மேலேயே உட்கார்ந்தால் ஒரு நாள் நழுவும்.

எந்த இடத்தில் தொங்கவிடுவது?

தொங்கவே விடக்கூடாது. ரப்பர் வைத்த பட்டியால் சட்டத்தோடு பிடித்துவையுங்கள். சைலன்சர் குழாயிலிருந்தும் விசிறியிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் தள்ளி இருக்கட்டும். கெபினை உயர்த்தும்போதும் இறக்கும்போதும் குழாய் இழுபடுகிறதா என்று ஒரு தடவை செய்து பாருங்கள். பம்பருக்குக் கீழே இறங்கும் இடம் வேண்டாம். பேலியகொடைப் பக்கம் களனி ஆறு பெருகி வெள்ளம் நிற்கும் நாட்களில் அந்த உயரம் தண்ணீருக்குள்தான் இருக்கும். கடற்காற்றில் நிற்கும் துறைமுக லொறி என்றால் இரும்பு பில்டருக்கு மேல் ஒரு பூச்சு பெயின்ட் அடித்துவிடுங்கள், அம்புக்குறியை மட்டும் மறைக்காமல்.

அம்புக்குறி என்றதும் சொல்கிறேன். அது ஒயில் ஓடும் திசை. தாங்கியைப் பார்த்து இருக்க வேண்டும். மாறிப் போட்டால் பைபாஸ் வால்வு வேலை செய்யாது.

பொருத்தும் வேலையை எப்படிச் செய்வது?

பாதி வேலை கழுவுவதில்தான் இருக்கிறது. அதைச் செய்யாமல் பில்டரை மாட்டினால் முதல் வாரத்திலேயே அடைத்துவிடும்.

சமதரையில் நிறுத்தி, பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன் அச்சை ஜெக்கில் உயர்த்தி, ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜெக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். தாங்கியில் மாட்டியிருக்கும் ரிட்டர்ன் குழாயைக் கழற்றி ஒரு வாளிக்குள் விடுங்கள். தாங்கியில் திறந்த வாயை ரப்பர் மூடியால் அடையுங்கள். இப்போது எஞ்சினை ஓடவிடாமல் ஒருவர் ஸ்டியரிங்கை இந்த அந்தத்திலிருந்து அந்த அந்தம் வரை மெதுவாகத் திருப்ப வேண்டும். கறுத்த ஒயில் விட்டு விட்டு வாளிக்குள் வரும். தாங்கியில் குறையக் குறைய மற்றவர் புது ஒயில் ஊற்ற வேண்டும்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்துதான் கழுவுவோம் என்றால் ஒன்றை யோசியுங்கள். நிமிடத்துக்குப் பத்து லீட்டர் சுற்றும் பம்ப், ஒரு லீட்டரை ஆறு விநாடியில் வெளியே தள்ளிவிடும். நீங்கள் போத்தல் மூடியைத் திறப்பதற்குள் தாங்கி காய்ந்துவிடும். காய்ந்த பம்ப் சில விநாடியிலேயே தேயும். அதனால் சாவியில் ஒருவர் கையை வைத்தபடி, இரண்டு விநாடி ஓட்டி நிறுத்தி, நிரப்பி, மறுபடி இரண்டு விநாடி. வாளிக்குள் வருவது புது ஒயிலின் நிறத்துக்கு மாறும்வரை இதைச் செய்யுங்கள். எனக்கு நான்கு லீட்டருக்கு மேல் போனது. நான்காவது லீட்டரிலும் தட்டில் மினுக்கம் தெரிந்தது.

பிறகுதான் வெட்டு. கூர்மையான கத்தியால் குழாயை நேராக வெட்டுங்கள். ஹெக்ஸோ வாள் ரப்பர்த் தூளை உள்ளே கொட்டும். கிளிப்புகளை முதலில் குழாயில் கோத்துவிட்டு பில்டரை நுழையுங்கள். மூக்கில் கொஞ்சம் ஏடிஎஃப் தடவினால் எளிதாக ஏறும், கிரீஸ் வேண்டாம்.

குழாய்களுக்குள் புகுந்த காற்றை எப்படி எடுப்பது?

எஞ்சினை ஓடவிடாமல், முன் சில்லுகள் உயரத்தில் இருக்க, அந்தத்திலிருந்து அந்தம்வரை இருபது தடவையாவது திருப்புங்கள். ஒயில் இறங்கினால் ஊற்றுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு மறுபடி திருப்புங்கள். அந்தத்தில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள், ஒயில் அங்கேதான் அதிகமாகச் சூடேறும்.

ஒயில் பாலூற்றிய தேநீர்போல் வெளிறியிருந்தால் காற்று இன்னும் இருக்கிறது. எஞ்சினை நிறுத்தி ஒரு மணித்தியாலம் விட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள். இன்னொரு சோதனையும் உண்டு: எஞ்சின் ஓடும்போது மட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், நிறுத்தியதும் மட்டம் குபுக்கென்று மேலே ஏறினால் உள்ளே காற்று நெருக்குண்டு கிடக்கிறது என்று அர்த்தம்.

கசிவு தேடும்போது அழுத்தக் குழாயைக் கையால் தடவாதீர்கள். ஊசித்துளை வழியாக வரும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படி நடந்தால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு மட்டையைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள், நனைந்தால் தெரிந்துவிடும்.

எந்த ஒயில் ஊற்றுவது?

தாங்கியின் மூடியிலோ கைநூலிலோ உள்ளது எதுவோ அது. கைநூலில் டெக்ஸ்ரோன் என்று இருந்தால் டெக்ஸ்ரோன், அது ஏடிஎஃப்பில் ஒரு வகை. ஐரோப்பிய வாகனங்கள் சிலவற்றுக்குப் பச்சை நிற ஒயில் வரும், அதைச் சிவப்போடு கலக்க வேண்டாம். பிரேக் ஒயிலை ஒரு சொட்டுக்கூட ஊற்றக்கூடாது. சீல்கள் ஊதிக் கெட்டுவிடும், முழு ஸ்டியரிங்கையும் கழற்ற வேண்டி வரும். நடுவழியில் அவசரத்துக்கு ஊற்றிவிட்டேன் என்று ஒரு சாரதித் தம்பி அழாத குறையாக வந்து நின்றான். அதனால் இப்போது இரண்டு லொறியிலும் சீற்றுக்குப் பின்னால் ஒரு லீட்டர் சரியான ஒயில் எப்போதும் இருக்கும்.

எத்தனை காலத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்?

பம்ப் மாற்றிய பிறகு போட்ட முதல் பில்டரை ஆயிரம் கிலோமீற்றருக்குள் மாற்றுகிறேன். ஊத்தையில் பெரும்பகுதி அதில்தான் விழும். பிறகு வருஷத்துக்கு ஒன்று. கைநூலில் இதற்குக் கணக்கு இல்லை, இது என் பழக்கம்.

பில்டர் அடைத்துவிட்டால் எப்படித் தெரியும்?

ஸ்டியரிங் கனக்கும். திரும்பிய பிறகு தானாக நேருக்கு வருவது மந்தமாகும். ஒயில் வழக்கத்தைவிடச் சூடாகும். ஸ்டியரிங் பொக்ஸின் அடி சீலில் புதிதாகக் கசிவு தெரிந்தால், சீலை மாற்றும் முன் பில்டரைப் பாருங்கள். சீலை மட்டும் மாற்றினால் அது மறுபடி கசியும்.

இதைப் போட்டால் ஸ்டியரிங் ஆட்டம் குறையுமா?

குறையாது. ஆட்டம் பொக்ஸின் தேய்மானத்தில், முன் சில்லுகள் திரும்பும் மூட்டுகளான கிங் பின்னில், டை ரொட் முனைகளில் வருகிறது. ஸ்டியரிங் கனப்பது டயரில் காற்றுக் குறைந்தாலும் வரும், பெல்ட் வழுக்கினாலும் வரும். முதலில் அவற்றைப் பார்த்துவிட்டு பில்டருக்கு வாருங்கள்.

ஓடும்போது குழாய் கழன்றால் ஸ்டியரிங் பூட்டிவிடுமா?

பூட்டாது. ஸ்டியரிங்குக்கும் சில்லுக்கும் இடையில் இரும்புத் தொடர்பு இருக்கிறது, திருப்பலாம். ஆனால் பாரம் ஏற்றிய லொறியைத் திருப்ப இரண்டு ஆள் பலம் வேண்டும். அது கடுகண்ணாவை மலைப்பாதை வளைவில் நடந்தால் என்ன என்று நினைத்துத்தான் கிளிப் விஷயத்தில் இவ்வளவு எழுதினேன். பொருத்திய மறுநாள் கொழும்புக்குள்ளேயே வெறும் லொறியாக ஓட்டி, மாலையில் நான்கு முனைகளையும் வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். காகிதம் காய்ந்திருந்தால் மட்டும் பாரம் ஏற்றி மலைக்கு அனுப்புங்கள்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி. நாம் இன்று பிடிக்கும் இந்த ஒயில் ஸ்டியரிங்கை அமெரிக்காவில் 1926இல் செய்து காட்டிய பிரான்சிஸ் டேவிஸ், பியர்ஸ் ஏரோ கம்பனியின் லொறிப் பிரிவில் எஞ்சினியராக இருந்தவர். காரில் அது விற்பனைக்கு வந்தது 1951இல்தான்.

கழற்றிய பழைய ஒயிலை என்ன செய்வது?

கானில் ஊற்றாதீர்கள். கிராண்ட்பாஸ் கானில் ஊற்றியது களனிக்கும் கடலுக்கும்தான் போகும். கலனில் அடைத்து, சேவிஸ் நிலையத்தில் பழைய எஞ்சின் ஒயில் சேர்க்கும் பீப்பாவில் கொடுத்துவிடுங்கள்.

வேன், காருக்கும் போடலாமா?

ஒயிலில் ஓடும் ஸ்டியரிங் என்றால் போடலாம், முறை ஒன்றுதான். மின்மோட்டரில் ஓடும் ஸ்டியரிங்கில் ஒயிலே இல்லை, பில்டருக்கு வேலையும் இல்லை.

கழற்றிய பில்டரை வெட்டிப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பாருங்கள். வாளால் அறுக்காதீர்கள், அறுத்த தூள் உள்ளே விழுந்து எது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போகும். குழாய் வெட்டும் கட்டரைச் சுற்றிச் சுற்றி முடுக்கினால் ஓடு தூள் உதிராமல் இரண்டாகப் பிரியும். ஒயிலை வடியவிட்டு, தாளின் மடிப்புகளைக் காகிதத்தின் மேல் விரியுங்கள்.

என் முதல் பில்டரில் காந்தத்தைச் சுற்றிக் கம்பளிப்பூச்சிக்கு மயிர் நிற்பதுபோல் சாம்பல் நிறத் தூள் சிலிர்த்து நின்றது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினேன், நறநறப்பு இல்லை, மையைப்போல் வழுக்கியது. அப்படி வழுக்கினால் அது சாதாரணத் தேய்மானம். விரலில் முள்போல் குத்தும் சிராய் இருந்தால் ஏதோ ஒன்று உடைந்துகொண்டிருக்கிறது, பம்பைக் கழற்றிப் பாருங்கள். தாளின் மடிப்பில் கறுப்புச் செதில் இருந்தால் குழாயின் உள்பக்கம் உரிகிறது. மஞ்சள் மினுக்கம் இருந்தால் பித்தளைப் பகுதி எங்கோ தேய்கிறது.

அந்தத் தாள்களை மடித்து, திகதியும் கிலோமீற்றரும் எழுதி, கெபினுக்குள் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். மூன்று சேர்ந்திருக்கின்றன. முதலாவது கரி, இரண்டாவது சாம்பல், போன மாதம் கழற்றியதில் தாளின் வெள்ளை நிறம் தெரிகிறது.